அண்ணன் 'லிபரல்' என்கிறார், தோழிகள் 'பழமைவாதி' என்கிறார்கள்

கேள்வி: ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 29. பிறந்ததிலிருந்து சபையில் வளர்ந்தவள். நான்கு வருடமாக ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். போன மாதம் வீட்டு ஜெபத்தில் ஆதியாகமம் முதல் அதிகாரம் வாசித்தோம். "அந்த ஆறு நாளும் இருபத்துநாலு மணி நேர நாளாக இருந்தே ஆக வேண்டுமா?" என்று கேட்டுவிட்டேன். அண்ணனுக்கு முகமே மாறிவிட்டது. "நீ லிபரல் ஆகிவிட்டாய். இன்றைக்கு ஆதியாகமம் போனால் நாளைக்கு உயிர்த்தெழுதலும் போகும்" என்றார். பெண்கள் பிரசங்கம் செய்யலாம் என்று நான் எப்போதோ சொன்னதையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டார். ஓய்வுநாள் பள்ளியை விட்டு விலகு என்கிறார். வேலை செய்யும் இடத்திலோ கதை வேறு. அங்கே என் தோழிகள், அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், நான் உபவாசம் இருப்பதையும், இயேசு சரீரத்தோடு உயிர்த்தார் என்று அப்படியே நம்புவதையும் பார்த்து "சரியான பழமைவாதி" என்று சிரிக்கிறார்கள். நான் உண்மையில் யார்? இந்த இரண்டு வார்த்தைக்கும் என்னதான் அர்த்தம்? அண்ணனிடம் எப்படிப் பேசுவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, ஒரே மாதத்தில் எதிரெதிரான இரண்டு சான்றிதழ் வாங்கியிருக்கிறீர்கள். இரண்டையும் கொடுத்தவர்கள் உங்களை நேசிப்பவர்கள் என்பதுதான் வேதனை. முன்பின் தெரியாதவர் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டீர்கள்.

முதலில் என் நிறத்தைச் சொல்லிவிடுகிறேன். அதற்குத் தக்கபடி என் பேச்சைக் கூட்டியோ குறைத்தோ வாங்கிக்கொள்ளலாம். இறையியல் கல்லூரியில் சபை வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். பிறகு பல வருடமாக, விசுவாசத்தில் தடுமாறி வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவதே என் வேலை. சபையின் பழைய அறிக்கையான விசுவாசப் பிரமாணத்தை ஒரு வரிகூட விடாமல் மனதார அறிக்கையிடுகிறேன். வேதத்தை ஆராய்ச்சிக் கண்ணோடு படிப்பதற்கும் பயப்படுவதில்லை. அதனால் உங்களுக்குக் கிடைத்த இரண்டு பட்டங்களும் எனக்கும் கிடைத்திருக்கின்றன, சில சமயம் ஒரே கூட்டத்தில்.

'லிபரல்' என்பதன் வேர், சுதந்திரம் என்ற லத்தீன் சொல். பழமைவாதி என்று நாம் சொல்லும் 'கன்சர்வேட்டிவ்' என்பதன் வேர், காப்பாற்றி வைத்தல். கிறிஸ்து தந்த சுயாதீனத்தில் நிலைகொண்டிருங்கள் என்று கலாத்தியருக்கு எழுதினவர் பவுல். உன்னிடத்தில் ஒப்புவிக்கப்பட்டதைக் காத்துக்கொள் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்திலும் அவர் பெயர்தான் இருக்கிறது. ஆக இரண்டு சொல்லையும் வசைச்சொல்லாக்கியது வேதம் இல்லை, நாம்தான்.

சண்டை ஆதியாகமத்தில் ஆரம்பித்ததால் அதை முதலில் முடித்துவிடுவோம். சூரியன் நாலாம் நாளில்தான் உண்டாக்கப்பட்டது. அப்படியானால் முதல் மூன்று நாளுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எங்கிருந்து வந்தன என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற சபை அறிஞர் கேட்டார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சபைப் பிதாக்களில் பெரியவரான அகஸ்டீன் ஆதியாகமத்துக்கே ஒரு பெரிய விளக்கவுரை எழுதினார். கடவுள் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் படைத்தார், ஆறு நாள் என்பது நாம் அறிந்த நாள் இல்லை என்பது அவர் கருத்து. வானத்தையும் பூமியையும் பற்றி நன்றாக அறிந்த அவிசுவாசி ஒருவன் முன்னால், வேதம் இப்படித்தான் சொல்கிறது என்று கிறிஸ்தவன் உளறினால் அது வெட்கக்கேடு என்றும் எழுதினார். அகஸ்டீனை லிபரல் என்று சொல்ல உங்கள் அண்ணனுக்கும் மனம் வராது. அதற்காக அவரை முழுசாக உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளவும் வேண்டாம். உலகம் தோன்றி ஆறாயிரம் வருடம்கூட ஆகவில்லை என்றுதான் அவரும் எண்ணினார். பழங்காலத்து மனிதர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் அவர்கள் பாதி நமக்காகவும் பாதி நமக்கு எதிராகவும்தான் பேசுவார்கள்.

இன்னும் கிட்டத்தில் வாருங்கள். வேதாகமம் மூலப்பிரதிகளில் பிழையற்றது என்ற உபதேசத்துக்கு அறிவார்ந்த வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பிரின்ஸ்டன் இறையியலாளர் பெஞ்சமின் வார்ஃபீல்டு. பரிணாமம் என்பது கடவுள் கையாண்ட வழியாக இருக்கலாம் என்பதற்கு அவர் கதவைச் சாத்தவில்லை. 1909இல் விளக்கக் குறிப்புகளோடு வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமம் பழமைவாதச் சபைகளில் வீட்டுக்கு வீடு இருந்தது. ஆதியாகமம் முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் நடுவில் எவ்வளவு காலமும் கடந்திருக்கலாம் என்று அதன் குறிப்பு இடம் கொடுத்தது. 1925இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், பள்ளியில் பரிணாமம் கற்பித்த குற்றத்துக்காக ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர்மேல் வழக்கு நடந்தது. அதில் வேதத்தின் பக்கம் வாதாட வந்த வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், குறுக்கு விசாரணையில், அந்த நாட்கள் இருபத்துநாலு மணி நேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்று தாமே ஒப்புக்கொண்டார். பூமிக்கு வயது சில ஆயிரம் ஆண்டுகள்தான் என்பதே விசுவாசத்தின் உரைகல் என்ற எண்ணம் பல சபைகளில் பரவியது 1961க்குப் பிறகு, ஜலப்பிரளயத்தைக் கொண்டு பூமியின் அடுக்குகளை விளக்கிய ஒரு நூல் வெளிவந்து பிரபலமான பின்புதான். இளம்பூமிக் கருத்து தவறு என்று உங்களைச் சொல்லவைக்க நான் வரவில்லை. நீங்கள் கேட்ட கேள்வியைக் கேட்டதாலேயே ஒருவர் லிபரல் ஆகிவிட மாட்டார் என்பதற்கு மட்டும் இவர்களைக் கூப்பிட்டேன்.

அப்படியானால் லிபரல் என்பவர் யார்?

1799இல் பெர்லினில் ஷ்லையர்மாஹர் என்ற இளம் போதகர் ஒரு நூல் எழுதினார். படித்தவர்கள், கவிஞர்கள், தத்துவவாதிகள் மதத்தைத் தூக்கி எறிந்துகொண்டிருந்த காலம். அவர்கள் எல்லோரும் அவருடைய நண்பர்கள். நீங்கள் வெறுப்பது மதத்தின் தோலைத்தான், உள்ளே இருப்பதை நீங்கள் பார்க்கவே இல்லை என்று அவர்களிடம் அவர் மன்றாடினார். மதம் என்பது உபதேசப் பட்டியலோ ஒழுக்கச் சட்டமோ இல்லை, எல்லையற்றதன் முன் நிற்கும் மனிதனின் உணர்வு என்றார். பின்னாளில் அதையே, கடவுளை முழுக்கச் சார்ந்திருக்கிறோம் என்ற உணர்வு என்று விரித்தார். இதை நன்றாகக் கவனியுங்கள். லிபரல் இறையியல், விசுவாசத்தை இடிக்கக் கிளம்பிய கூட்டத்தில் பிறக்கவில்லை. வெளியே போய்க்கொண்டிருந்தவர்களைத் திரும்பக் கூப்பிட்ட ஒரு போதகரின் தவிப்பில் பிறந்தது. நூறு வருடம் கழித்து அதே பெர்லினில் அடால்ஃப் ஹார்நாக், கிறிஸ்தவத்தின் சாரம் எது என்று சொற்பொழிவாற்றினார். கடவுள் நம் தகப்பன், மனித ஆன்மாவுக்கு அளவிட முடியாத மதிப்பு, அன்பின் கட்டளை, வந்துகொண்டிருக்கும் தேவராஜ்யம்: இவைதான் பருப்பு, மற்றதெல்லாம் காலம் சேர்த்த தோல் என்றார்.

இங்கேதான் முடிச்சு இருக்கிறது. எது பருப்பு, எது தோல் என்று யார் தீர்மானிப்பது? வேதமும் சபையின் பழைய அறிக்கையும் ஒன்று சொல்ல, இன்றைய அறிவும் மனச்சாட்சியும் வேறொன்று சொன்னால், கடைசி வார்த்தை யாருடையது? இன்றைய அறிவுக்கும் மனச்சாட்சிக்கும் இணங்க விசுவாசத்தைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பவர், அந்த அளவுக்கு லிபரல். ஒப்புவிக்கப்பட்டது ஒன்று இருக்கிறது, என் அறிவும் மனச்சாட்சியும்கூட அதனால் திருத்தப்பட வேண்டும் என்பவர், அந்த அளவுக்குக் கன்சர்வேட்டிவ். 'அந்த அளவுக்கு' என்பதை அழுத்திச் சொல்கிறேன். முழு லிபரலையும் முழுக் கன்சர்வேட்டிவையும் நான் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும் கலவைதான்.

பழமைவாதிகளின் எதிர்ப்பும் வெறும் பிடிவாதத்தில் பிறந்ததில்லை. 1910 முதல் 1915 வரை 'அடிப்படைகள்' என்ற பெயரில் பன்னிரண்டு தொகுதிகள் அமெரிக்காவில் வெளிவந்தன. எண்ணெய் வியாபாரி ஒருவரின் பணத்தில் அச்சிட்டு, போதகர்களுக்கும் மிஷனரிகளுக்கும் இலவசமாக அனுப்பினார்கள். அந்தத் தலைப்பின் வழியாகத்தான் 1920இல் ஒரு பாப்டிஸ்ட் பத்திரிகையாசிரியர் 'அடிப்படைவாதி' என்ற சொல்லை உண்டாக்கினார், அதுவும் பெருமையாக, தம் பக்கத்தாருக்கே. இன்று அதைத் திட்டுவதற்கு வைத்திருக்கிறோம். ஒரு வேடிக்கை: அந்தத் தொகுதிகளில் எழுதிய ஸ்காட்லாந்து இறையியலாளர் ஜேம்ஸ் ஓர் (James Orr) போன்றவர்களும் பரிணாமத்தை முழுக்க மறுத்தவர்கள் இல்லை. இன்றைய அண்ணன்மார் சிலர் அவரையே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

பழமைவாதிகள் பக்கத்தில் கூர்மையாக எழுதியவர் அமெரிக்க இறையியலாளர் கிரெஷம் மேச்சன். 1923இல் அவர் சொன்னது சுருக்கமாக இது: லிபரலிசம் கிறிஸ்தவத்தின் ஒரு வகை கிடையாது, கிறிஸ்தவச் சொற்களைப் பயன்படுத்தும் வேறொரு மதம். கிறிஸ்தவம் நடந்த ஒரு செய்தியின்மேல் நிற்கிறது. கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார் என்பதில் 'மரித்தார்' என்பது சரித்திரம், 'நம் பாவங்களுக்காக' என்பது உபதேசம். இரண்டையும் எடுத்துவிட்டு நல்லொழுக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டால் மிஞ்சுவது அறிவுரை, நற்செய்தி இல்லை. மேச்சனின் முடிவோடு எனக்கு முழு உடன்பாடு கிடையாது. அவர் கேள்வியை யாரும் தட்டிக்கழித்துவிட முடியாது என்று மட்டும் சொல்வேன். கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்று பவுலே கொரிந்தியருக்கு எழுதிவிட்டார். உயிர்த்தெழுதலைச் சீஷர்களின் மனதில் எழுந்த நம்பிக்கை என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பவர்கள் அந்த வசனத்துக்கு முன்னால் கொஞ்சம் தயங்கித்தான் ஆக வேண்டும். இந்த இடத்தில், சகோதரி, நீங்கள் மேச்சனோடு நிற்கிறீர்கள். அண்ணனுக்கு இது தெரியுமா?

இரண்டு பக்கத்துக்கும் வெட்கப்பட வேண்டிய நாட்கள் உண்டு. என் மாணவர்களுக்கு நான் மறக்காமல் சொல்லும் இரண்டு வருடங்கள் 1845ம் 1914ம்.

1845: அடிமைகளை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்பலாமா என்ற சண்டையில் அமெரிக்க பாப்டிஸ்டுகள் பிரிந்தார்கள். அனுப்பலாம் என்ற தெற்கத்தியர் தனிச் சபையாக நின்றார்கள். அவர்களிடம் வசனம் இல்லாமலில்லை. ஆபிரகாமுக்கு அடிமைகள் இருந்தார்கள், மோசேயின் சட்டம் அதை ஒழுங்குபடுத்தியது, வேலைக்காரர் எஜமான்களுக்குக் கீழ்ப்படியட்டும் என்று நிருபம் சொல்கிறது, அடிமையான ஒநேசிமுவைப் பவுல் அவன் எஜமான் பிலேமோனிடமே திருப்பி அனுப்பினார். எழுத்துக்கு எழுத்து பார்த்தால் அவர்கள் கை ஓங்கித்தான் இருந்தது. எதிர்த்தவர்கள், மனிதன் தேவசாயலில் படைக்கப்பட்டான் என்ற ஒரே பெரிய உண்மையை வைத்துக்கொண்டு பல சின்ன வசனங்களைத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. 1995இல், நூற்றைம்பது வருடம் கழித்து, அந்தச் சபை மன்னிப்புக் கேட்டது. 'வேதம் தெளிவாகச் சொல்கிறது' என்று யாராவது என்னிடம் சொல்லும்போதெல்லாம் இந்த நூற்றைம்பது வருடம் என் நினைவுக்கு வரும். ஆனால் பிரிட்டிஷ் அடிமை வியாபாரத்தை 1807இல் ஒழிக்கப் போராடிய வில்பர்ஃபோர்ஸும் மனந்திரும்புதலையும் சிலுவையையும் அழுத்திப் பேசிய சுவிசேஷக் கிறிஸ்தவர்தான். அதனால் பழமைவாதம் என்றாலே அடிமைத்தனத்துக்கு ஆதரவு என்று எழுதிவிடவும் முடியாது.

1914: உலகப் போர் தொடங்கி இரண்டே மாதத்தில் ஜெர்மனியின் 93 அறிஞர்கள் தங்கள் நாட்டின் போரை நியாயப்படுத்தி அறிக்கை விட்டார்கள். அதில் ஹார்நாக்கின் கையெழுத்து இருந்தது. வில்ஹெல்ம் ஹெர்மனின் கையெழுத்தும் இருந்தது. இருவரிடமும் படித்த கார்ல் பார்த், சுவிட்சர்லாந்தில் ஒரு சின்ன ஊரில் போதகராக இருந்தார். தன் ஆசிரியர்களின் பெயர்களைப் பார்த்ததும் அவர்களுடைய இறையியல்மேல் இருந்த நம்பிக்கையே அவருக்கு ஆட்டம் கண்டது. நாகரிகத்தோடு இவ்வளவு இழைந்துபோன விசுவாசத்தால், நாகரிகம் தப்பு செய்யும்போது 'இல்லை' என்று சொல்ல முடியவில்லையே! இருபது வருடம் கழித்து, 1934 மே மாதம் ஜெர்மனியின் பார்மன் என்ற ஊரில் சபையார் கூடி, இயேசு கிறிஸ்து ஒருவரே தேவனுடைய வார்த்தை, வேறெந்தத் தலைவனுக்கும் அந்த இடம் கிடையாது என்று ஹிட்லரின் காலத்தில் அறிக்கையிட்டபோது, அதைப் பெரும்பாலும் எழுதியவர் அதே கார்ல் பார்த். காலத்துக்கு ஏற்ப விசுவாசத்தைத் திருத்த நினைக்கிறவர்கள் இந்தக் கதையை மறக்கக் கூடாது. அதற்காக ஹிட்லருக்கு வணங்கியவர்கள் எல்லோரும் லிபரல்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாரம்பரியம் பேசிய லூத்தரன்களிலும் நிறையப்பேர் வணங்கினார்கள். பார்த்தையும் எந்தப் பெட்டியிலும் போட முடியாது. லிபரல்கள் அவரைப் பின்னோக்கிப் போகிறவர் என்றார்கள், பழமைவாதிகளில் பலர் வேதம் பிழையற்றது என்று சொல்ல மறுக்கிறாரே என்று அவரைச் சந்தேகித்தார்கள்.

இப்போது உங்கள் அண்ணன் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருப்பதை அவிழ்ப்போம். வேதத்தை எப்படி வாசிப்பது, அற்புதங்களை நம்புவது, பெண்களின் ஊழியம், ஆராதனை முறை, அரசியல்: இவை ஐந்தும் தனித்தனி இழைகள். ஓர் இழையை இழுத்தால் மற்றது தானாக வரும் என்பதில்லை. இரட்சணிய சேனையின் கேத்தரின் பூத், பெண்கள் பிரசங்கிக்கலாம் என்று 1859லேயே துண்டுப்பிரசுரம் எழுதினார். பாவம், மனந்திரும்புதல், பரிசுத்தம் என்று அவர் பிரசங்கித்ததைக் கேட்டு யாரும் அவரை லிபரல் என்று சொல்லியிருக்க முடியாது. பெந்தெகொஸ்தே மரபில் ஒரு பெரிய சபைப்பிரிவையே 1923இல் நிறுவியவர் எய்மீ செம்பிள் மெக்ஃபெர்சன் என்ற பெண். கத்தோலிக்கரான டோரதி டே ஏழைகளோடு குடியிருந்தார், போர்களை எதிர்த்தார், சிறைக்குப் போனார். அரசியலில் அவ்வளவு தீவிரமானவர், சபையின் உபதேசத்திலும் திருவிருந்திலும் பழைய பாட்டிமாரைப்போல உறுதியாக இருந்தார். மேலே சொன்ன மேச்சன், அரசாங்கப் பள்ளிகளில் வேதம் வாசிப்பதைக் கடுமையாக எதிர்த்தார். பரிணாமத்துக்கு எதிராகக் கிளம்பிய பிரையன், பொருளாதாரத்தில் உழவர்கள் தொழிலாளர்கள் பக்கம் நின்ற முற்போக்கு அரசியல்வாதி. இந்த இழைகளையெல்லாம் சேர்த்து இறுகக் கட்டியதில் இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க அரசியலுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த ஊர்த் தேர்தல் சண்டையை நம் வீட்டு ஜெபத்துக்கு வாடகைக்கு எடுத்து வர வேண்டியதில்லை.

அண்ணன், வேதம் பிழையற்றது என்றால் எழுத்துக்கு எழுத்து அப்படியேதான் என்று வாதாடினால், ஒன்றைச் சொல்லலாம். 1978இல் சிகாகோவில் பழமைவாத இறையியலாளர்கள் கூடி, வேதத்தின் பிழையின்மையைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கண்ணுக்குத் தெரிகிறபடி இயற்கையை வருணிப்பது, உயர்வு நவிற்சி, முழு எண்ணாகச் சொல்வது, நவீன அறிவியலின் நுட்பம் இல்லாதிருப்பது, இவையெதுவும் பிழை ஆகாது என்று அவர்களே அதில் எழுதியிருக்கிறார்கள். இன்னின்ன இலக்கிய வகையை அந்தந்த வகையாகவே வாசிக்க வேண்டும் என்பதும் அவர்கள் சொன்னதுதான். கத்தோலிக்கத் திருச்சபை 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், நம் மீட்புக்காகக் கடவுள் எழுதிவைக்க விரும்பிய உண்மையை வேதம் பிழையின்றிக் கற்பிக்கிறது என்று தன் வழியில் சொன்னது. அதற்கு ஏறக்குறைய அறுபது வருடம் முன்பு, 1907இல், அதே திருச்சபை, நவீன சிந்தனைக்கு ஏற்ப விசுவாசத்தைத் திரும்பச் சொல்ல முயன்ற புதுமைவாதத்தைக் கடுமையாகக் கண்டித்திருந்தது. காலப்போக்கில் நகராதவர்கள் யாரும் இல்லை.

ஆகவே நீங்கள் யார் என்று கேட்டால், விசுவாசத்தில் கன்சர்வேட்டிவ், ஆதியாகமத்தை வாசிப்பதில் சபையின் மிகப் பழைய பாதைகளில் ஒன்றில் நடப்பவர், பெண்களின் ஊழியத்தில் பூத் அம்மையாரின் பக்கம். இதற்கு ஒற்றைச் சொல் என்னிடம் இல்லை. இன்னும் நெருக்கமாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், உங்களுக்குப் பிடிக்காத ஒரு வசனம் வரும்போது என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்ற வசனத்தையே எடுத்துக்கொள்ளலாம். 'இது அந்தக் காலத்துக்கு' என்று உடனே கை கழுவுகிறீர்களா, அல்லது அது உங்களைக் கொஞ்ச நாள் உறுத்த விடுகிறீர்களா? அண்ணனும் இதே பரீட்சையை எழுதலாம். பணத்தைப் பற்றி இயேசு சொன்னவற்றை இந்த இரண்டு கட்சியும் ஒரே வேகத்தில் 'அந்தக் காலத்துக்கு' என்று தள்ளிவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அண்ணனைப் பற்றி இனி. அவருடைய கவலை பூமியின் வயது என்று எனக்குத் தோன்றவில்லை. 'நாளைக்கு உயிர்த்தெழுதலும் போகும்' என்றாரே, அதுதான் அவர் பயம். அந்தப் பயத்தைக் கேலி செய்யாதீர்கள். ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போய், கடைசியில் ஜெபிக்கக்கூட யாருமில்லாமல் நின்றவர்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். அதைவிட அதிகமாக வேறு சிலரும் வந்திருக்கிறார்கள்: 'ஆறு நாளை நம்பு, இல்லையென்றால் எல்லாமே பொய்' என்று வீட்டில் சொல்லிக்கொடுக்கப்பட்டு, கல்லூரியில் ஒரு பாடம் படித்ததும், சரி, எல்லாமே பொய்தான் என்று போய்விட்டவர்கள். உங்கள் அண்ணன் முதல் கூட்டத்தை நினைத்துப் பயப்படுகிறார். இரண்டாவது கூட்டம் அவர் கண்ணில் பட்டிருக்காது.

இதில் எனக்கும் ஒரு பழி உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, மோசே வேதத்தின் முதல் ஐந்து ஆகமங்களையும் தம் கையாலேயே எழுதினார் என்று சொன்னான். "அப்படியானால் தம்முடைய சாவையும் அவரே எழுதிவைத்துவிட்டாரா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. உபாகமம் கடைசி அதிகாரத்தில் மோசேயின் மரணம் வருகிறது, நான் சொன்னதில் விவரப் பிழை எதுவும் இல்லை. அந்தப் பையன் அதன் பிறகு அந்த வருடம் முழுக்க என் வகுப்பில் வாய் திறக்கவில்லை. எந்த விசுவாசத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஊரைவிட்டுப் படிக்க வந்தானோ, அதை நான் ஒரு நகைச்சுவைக்காகத் தட்டிவிட்டேன். லிபரல்களிடம் இருக்கும் பெரிய வியாதி இந்தச் சிரிப்புதான். கன்சர்வேட்டிவ்களின் வியாதி, கேள்வி கேட்டவரை உடனே 'பின்வாங்கிப்போனவர்' பட்டியலில் சேர்ப்பது. உங்கள் வீட்டில் இரண்டாவது நடந்திருக்கிறது. பதிலுக்கு முதலாவதை நீங்கள் செய்துவிடாதீர்கள். மேலே நான் கொட்டியிருக்கும் ஓரிகன், அகஸ்டீன், வார்ஃபீல்டு எல்லோரையும் அடுத்த வீட்டு ஜெபத்தில் அண்ணன்மேல் ஏவிவிடாதீர்கள் என்று இதற்காகவே சொல்கிறேன்.

வீட்டு ஜெபத்தில் பேசவே வேண்டாம். மற்றவர்கள் முன்னால் யாரும் மனம் மாறுவதில்லை. தனியே இருக்கும்போது, "அண்ணா, நான் நம்புகிறதை முதலில் சொல்லட்டுமா?" என்று ஆரம்பியுங்கள். பிதா, குமாரன், சிலுவை, மூன்றாம் நாள், மறுபடி வருகை. விசுவாசப் பிரமாணத்தின் வரிசையிலேயே போகலாம். நாம் எல்லோரும் விட்டுவிட்டதைப் பற்றித்தான் முதலில் பேசத் தொடங்குகிறோம், அதனால் எதிரே இருப்பவருக்கு வெறும் கழித்தல் கணக்கு மட்டுமே கேட்கிறது. அதன் பிறகு அவரிடம் கேளுங்கள்: "நான் எதை விட்டுவிடுவேன் என்று உங்களுக்குப் பயமாக இருக்கிறது?" பதில் வந்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அவருக்குத் தெரிந்த யாரோ ஒருவர் விசுவாசத்தை விட்டுப் போன கதை ஒன்று அதற்குள் இருந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை.

தோழிகளுக்குப் பெரிய பதில் தேவையில்லை. உபவாசம் என்பது லிபரல், கன்சர்வேட்டிவ் என்ற சொற்கள் பிறப்பதற்கு வெகு முன்பிருந்தே இருக்கிறது. அவர்கள் சிரித்தால் நீங்களும் சேர்ந்து சிரித்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். உண்மையாகவே யாராவது ஒருத்தி, "உயிர்த்தெழுதலை எப்படி நம்புகிறாய்?" என்று கேட்டால், அன்றைக்கு உட்கார்ந்து பேசுங்கள்.

கடைசியாக ஓய்வுநாள் பள்ளி. விலக வேண்டாம். ஆனால் அண்ணன் வாயிலாக உங்கள் போதகருக்கு இது தெரியவருவது நல்லதில்லை; அடுத்த வகுப்புக்கு முன்னால் நீங்களே அவரைப் பார்த்து, "நான் இப்படி நினைக்கிறேன், பிள்ளைகளிடம் இதை வாதமாக எடுத்துப் போவதில்லை" என்று சொல்லிவிடுங்கள். வகுப்பு அவருடைய பொறுப்பில் இருப்பது. அவர் கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னால் பொறுங்கள். ஏன் என்று கேட்கவும் செய்யுங்கள். ஆதியாகமம் ஒன்றைப் பாடமாக எடுக்கும்போது சொல்வதற்கு அதில் ஏராளம் இருக்கிறது. இருளைப் பார்த்துக் கடவுள் பேசினார். உண்டாக்கின ஒவ்வொன்றையும் நல்லது என்று கண்டார். அண்டை தேசத்தார் கும்பிட்ட சூரியனையும் சந்திரனையும் பெயர்கூடச் சொல்லாமல் பெரிய சுடர், சிறிய சுடர் என்று இரண்டு விளக்காக வானத்தில் மாட்டிவிட்டார். எட்டு வயதுப் பிள்ளை ஒன்று கையைத் தூக்கி, "அப்போ டைனோசர் எந்த நாள் டீச்சர்?" என்று நிச்சயம் கேட்கும். "சபையில் பெரியவர்களே இதில் ரெண்டு மூணு விதமா நினைக்கிறாங்க. நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்டுவிட்டு, அது சொல்வதைக் கடைசிவரை கேளுங்கள். அண்ணனையும் ஒருநாள் வகுப்பின் பின்வரிசையில் வந்து உட்காரச் சொல்லலாம்.